கம்பெனி எழுதிய தலையெழுத்து

சிங்கப்பூரைக் கட்டியவர் யார் என்று கேட்டால் ராஃபிள்ஸ் துரை என்று பள்ளிப்பிள்ளைகூடச் சொல்லும். சிலை இருக்கிறது, ஓட்டல் இருக்கிறது, வேறென்ன சாட்சி வேண்டும்? துரை எத்தனை கூடை மண் சுமந்தார் என்று கேட்பது அநாகரிகம்.

மண் சுமக்கத்தான் 1825இல் சுமத்ராவின் பெங்கூலனிலிருந்து கப்பல் வந்ததே! சென்னை மாகாணத்துக் கைதிகள் முதலில், வங்காளத்தவர் பின்னால். பிறகு பம்பாய்க்காரர்களும் சேர்ந்தார்கள். வழக்கு விசாரித்தது கிழக்கிந்தியக் கம்பெனி, தீவாந்தரத்துக்கு அனுப்பியது கம்பெனி, போய் இறங்கிய இடத்தில் ஆள் வேண்டுமென்று காத்திருந்ததும் கம்பெனி. இப்படி ஒரு குடும்பத் தொழிலில் கைதிக்கு எங்கே நியாயம் கிடைக்கும்?

ஆயுள் கைதிகளின் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் பச்சை குத்தினார்கள். தலையெழுத்தைப் பிரம்மன் எழுதுவான் என்று நம்பியிருந்தவர்களுக்கு, அந்தச் சிரமத்தைக் கம்பெனி எழுத்தரே ஏற்றுக்கொண்டார். 1849இல் சட்டம் போட்டு நிறுத்தும்வரை இந்தத் திருப்பணி நடந்தது. தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டித்தான் அந்த எழுத்தை மறைக்க வேண்டியிருந்தது.

இனி ஆண்டவன் வீட்டுக் கதை. புனித ஆண்ட்ரூ ஆலயத்தின் பழைய கட்டடத்தில் இரண்டு முறை இடி விழுந்தது. வானத்திலிருந்து வந்த கருத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. 1856இல் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். வரைபடம் போட்ட மேக்பெர்சன் துரையே கைதிகளுக்கும் மேலதிகாரி. கொத்தனார் கூலி கேட்பாரே என்ற கவலை எந்தப் பொறியாளருக்காவது இவ்வளவு சுலபமாகத் தீர்ந்திருக்கிறதா? உட்சுவருக்குச் சென்னைச் சுண்ணாம்பு: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். அரைத்துப் பூசிக் கண்ணாடிபோல மெருகேற்றினார்கள். சுவர் முட்டையும் சர்க்கரையும் தின்றது. தேய்த்தவன் என்ன தின்றான் என்பதைப் பிரசங்கத்தில் யாரும் கேட்கவில்லை.

கவர்னருக்கும் வீடு வேண்டாமா? 1867இல் தொடங்கி இரண்டே ஆண்டுகளில் மாளிகை எழும்பியது. இன்று அது குடியரசுத் தலைவரின் இஸ்தானா. சாலை, சதுப்பு நிரப்பல், கலங்கரை விளக்கம் என்று பட்டியல் நீளும். தங்களை அடைக்கும் சிறையையும் அவர்களே கட்டினார்கள். புலி தொல்லை கொடுத்தபோது வேட்டைக்கும் அவர்களையே அனுப்பினார்கள். புலி தோற்றாலும் லாபம், கைதி தோற்றாலும் நஷ்டமில்லை.

உச்சம் இதுதான்: கைதிகளைக் காவல் காக்கவும் கைதிகளையே வைத்தார்கள். காவலர் சம்பளமும் மிச்சம்! மாளிகையை வடிவமைத்தவரும் கைதிகளை மேய்த்தவருமான மேக்நேர் துரை, இந்த ஏற்பாட்டையே தலைப்பாக்கி 1899இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். சுரண்டலைச் சீர்திருத்தம் என்று அச்சிட்டு விலைக்கு விற்கும் துணிச்சலுக்குத் தனியாக ஒரு சிலை வைத்திருக்கலாம்.

சதுப்பு தூர்ந்தது, சாலை நீண்டது, ஊர் செழித்தது. உடனே வெள்ளைக்கார வணிகர்களுக்கு மூக்கில் வாடை ஏறியது. கைதிகளால் ஊருக்கு ஆபத்தாம், கௌரவக் குறைவாம்! இந்தியாவில் நடந்த 1857 சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு அந்தப் பயம் பேயாட்டமே ஆடியது. 1867இல் சிங்கப்பூர் நேரடியாக முடியாட்சியின் கீழ் போனது. 1873இல் மீதமிருந்த தீவாந்தரக் கைதிகளை அந்தமானுக்குக் கப்பலேற்றினார்கள். கருணையால் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே வெட்ட இன்னும் நிறையக் காடு இருந்தது.