டியூப் சவாரி: கண்டிக்காரருக்கான விளக்கம்

சுக்கான் இல்லை, பிரேக் இல்லை. ஆனாலும் தன்னை இழுக்கும் படகையே வேகத்தில் மிஞ்சிவிடும் காற்றடைத்த டியூப். படகு நேராகப் போகும்வரை சாதுவாகப் பின்னால் வரும். படகு திரும்பியதும் வெளிவட்டத்தில் வீசப்படும். படகு சிறு வளைவைக் கடக்கும் அதே நேரத்தில் அது பெரிய வளைவைக் கடந்தாக வேண்டும். மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவில் பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் வந்தவர்களுக்கு இந்தப் பௌதிகவியலைத் தனியாகக் கற்பிக்கத் தேவையில்லை.

கயிறு 50 அடிக்குக் குறையாமலும் 65 அடிக்கு மிஞ்சாமலும் இருக்கவேண்டும் என்பது பொதுவான விதி. குறைந்தால் எஞ்சின் கிளப்பும் நுரை முழுவதும் முகத்தில். கூடினால், திருப்பத்தில் டியூப் எந்தக் கரையை விசாரிக்கப் போகும் என்று சொல்லமுடியாது. இருவர் ஏறும் டியூபுக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் தாங்கும் கயிறு வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து 150 கிலோதானே என்று, கிணற்றுக்கு வாங்கி மிஞ்சிய நைலோன் கயிற்றை எடுத்துவரும் சிக்கனக்காரர், டியூபின் மூக்கு தண்ணீரில் புதையும்போது எழும் இழுவையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தக் கயிறு நீண்டு நீண்டு, அறுந்ததும் திரும்பி வந்து படகில் இருப்பவரையே விளாசும்.

படகில் ஆள் இருவர்: ஓட்டுபவர் முன்னே பார்க்க, மற்றவர் பின்னே பார்க்க. கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை, கழுத்தை அறுப்பதுபோலக் காட்டினால் எஞ்சினை நிறுத்து. உயிரைக் கையில் பிடித்திருப்பவர் இதைக் காட்ட, அந்தக் கையைத்தான் விட வேண்டும். ஆகவே நடைமுறையில் அலறலே சைகை. பின்னே பார்ப்பவர் பெரும்பாலும் மச்சான் முறை. கீழே காட்டும் கட்டைவிரல் மட்டும் அவர் கண்ணில் படாது.

கண்டியில் தண்ணீருக்குக் குறைவில்லை, இந்தக் கூத்துக்கு ஏற்ற தண்ணீருக்குத்தான் குறை. நகர வாவியை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயலை மறித்து உண்டாக்கினான். நடுத்தீவை அரச குடும்பம் ஓய்வுக்கு வைத்திருந்தது. வெள்ளைக்காரர் அதில் வெடிமருந்தை அடுக்கினார்கள். இன்று படகுச் சவாரி உண்டு. அதன் வேகம் கபரகொய்யாவுக்குக்கூடத் தொந்தரவு தராது. தலதா மாளிகைக்கு முன்னால் அலறிக்கொண்டு வழுக்கிப் போக யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது.

மகாவலியில் லொறி டயர் டியூபைப் போட்டு மிதக்கும் பிள்ளைகளுக்குப் படகே வேண்டாம், ஆறே இழுக்கும். அதற்குத்தான் கழுத்துச் சைகை விளங்காது. பாறையும் சுழியும் போதாதென்று, பொல்கொல்லை அணைக்கட்டு 1976 முதல் ஆற்றின் ஒரு பங்கைச் சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தால் உக்குவெல மின்நிலையத்துக்கு அனுப்புகிறது. அந்தப் பாதை பிரயாணிகளுக்கானதல்ல.

அகலம்தான் கேள்வி என்றால் விக்டோரியா நீர்த்தேக்கம் இருக்கிறது. 1985இல் திறந்த 122 மீற்றர் உயர அணை, பழைய தெல்தெனிய நகரைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டது. வரட்சியில் நீர் வற்றினால் அந்த நகரின் சுவர்கள் வெளியே வரும். அதற்குச் சற்று முன்னர், நீருக்கு ஒரு முழம் கீழே, படகின் விசிறிக்காகக் காத்திருக்கும். மறைந்த கடைவீதி ஒன்றின் கூரைமட்டத்தில் டியூப் இழுப்பதற்குத் துணிச்சலைவிட வரைபடம் அவசியம்.

எனவே கண்டிக்காரரின் டியூப் பெரும்பாலும் பெந்தோட்டை ஆற்றில்தான். விடியுமுன் வேன், மடியில் சாப்பாட்டுப் பார்சல், பாதி வழியில் வாந்தி எடுக்கும் ஒரு பிள்ளை. போய்ச்சேர்ந்தால் சவாரி சில நிமிடம். உயிர்காப்பு அங்கியின் வார்களை இறுகக் கட்டவேண்டும். தளர்ந்தால் அங்கி மிதக்கும், ஆள் அதற்குள்ளிருந்து கீழே வழுகுவார். கைப்பிடி நாடா விரல் முட்டிகளை உரசிச் சிவக்கவைக்கும்.

விழுந்தவர் முதலில் கையை உயர்த்த வேண்டும். படகு வேகம் குறைத்து வந்து, எட்டும் தூரத்தில் எஞ்சினை முற்றாக நிறுத்த வேண்டும். விசிறி சுற்றும்போது ஆளை அருகில் எடுக்கக்கூடாது. மறுபடி டியூபில் ஏறும்போது, பிடியில் மாட்டாத மீனைப்போல நனைந்த ரப்பர் நழுவும். நாலு பேர் தள்ளியும் ஏறமாட்டாத பெரியப்பாவைப் படகிலேயே இழுத்துப்போட்டு, பின்னே பார்க்கும் வேலையை அவரிடம் கொடுத்துவிட்டு, மச்சானை டியூபில் ஏற்றுவது வழக்கம்.