கரிசல் தோட்டின் வலசை: ஒரு முன்னாய்வு

கரிசல் மண்ணை ஆராயக் கோவில்பட்டியில் 1901 முதல் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பருத்தியில் ரகம், சோளத்தில் ரகம் என்று வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த மண்ணில் விதை விழுவதற்கு முன்னால் ஒரு ஜோடித் தோடு காதைவிட்டு இறங்கியாக வேண்டும் என்ற உண்மையை ஆராய்ந்த கட்டுரை எதுவும் என் கண்ணில் படவில்லை. அறிவுலகின் இப்பெருங்குறையைப் போக்குவதே நம் நோக்கம்.

பருவம் பார்த்துப் போய், பருவம் பார்த்துத் திரும்புவது வலசை. தோடு புரட்டாசியில் காதிலிருந்து கிளம்பும். வங்கியின் இரும்புப் பெட்டகத்தில் தங்கும். தை, மாசியில் உளுந்தும் பாசியும் விலைபோன பிறகு காதுக்குத் திரும்பும். கூந்தன்குளத்துக்கு வந்து போகும் பறவைகளும் இப்படித்தான். என்ன, பறவைக்கு வட்டி கிடையாது.

இவ்வலசைக்குக் காரணம் மண்தான். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் கரிசல், நல்ல மழை குடித்துவிட்டால் களியாகிவிடும். காலை வைத்தால் செருப்பு அங்கேயே நின்றுவிடும். டிராக்டர் கதையும் அதுதான். ஆகவே உழவு, விதை, உரம் எல்லாம் வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன்னாலேயே முடிய வேண்டும். செலவு புரட்டாசியில், வரவு தையில். நடுவில் இருப்பது மழை. அதை எந்த வங்கியும் ஈடாக ஏற்பதில்லை.

நிதி ஆலோசகர்கள் இந்தக் காலண்டரைப் பார்த்ததில்லை என்று படுகிறது. வருமானத்தை 50, 30, 20 என்று பிரிக்கச் சொல்கிறார்கள். 2005-இல் ஓர் அமெரிக்கப் புத்தகம் கிளப்பிவிட்ட கணக்கு அது. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவனுக்குச் சரி. மானாவாரிக்காரனுக்கு வருசத்தில் பதினோரு மாதம் பூஜ்யம். பூஜ்யத்தை எத்தனையாகவும் பிரிக்கலாம். வீட்டில் ஒருத்தி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனால் சனிக்கிழமை தோறும் கூலி வரும். அது அரிசிக்கும் குழுக் கடன் தவணைக்குமே காணாது. ஆறு மாதச் செலவுக்கான அவசர நிதியைத் தனியே எடுத்து வைக்கச் சொல்கிறார்கள் அல்லவா? வைத்திருக்கிறோம், காதில்.

கள ஆய்வு வங்கிக் கவுன்ட்டரில் நடந்தது. மதிப்பீட்டாளர் தோட்டைக் கல்லில் உரைத்து, தராசில் வைத்து, "கல்லு, அரக்கு கழிச்சு ஏழரை கிராம்மா" என்றார்.

"போன வருசமும் நீங்கதான சார் போட்டீக? அப்ப ஏழே முக்காலுன்னீகளே!"

"தேய்மானம்மா."

"பொட்டிக்குள்ள கெடந்தது எப்பிடி சார் தேயும்?"

இக்கேள்வியின் இயற்பியல் முக்கியத்துவத்தை அவர் உணரவில்லை. பையை ஒட்டி, சீல் வைத்து, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

கணக்கு இதுதான். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 7 சதவீதம் என்றால் ஆறு மாதத்துக்கு 1,750 ரூபாய். அதே பணத்தைத் தெருவில் ரெண்டு வட்டிக்கு வாங்கினால் 6,000. இந்த 4,250 ரூபாய் வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள ஆலோசகருக்குக் கட்டணம் கட்டிய கரிசல்காரி ஒருத்திகூட இருக்க மாட்டாள். உரிய தேதிக்குள் கட்டினால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்கு வட்டியே இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்; ஆனால் அந்தப் பணம் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. மழை பொய்த்த வருசம் காலையில் கைமாத்து வாங்கித் திருப்பி, மத்தியானமே மறுபடி வைத்துவிட்டு, சாயங்காலம் கைமாத்தை அடைப்பார்கள். தோடு அன்று ஒரு மணி நேரம் வெளிக்காற்று வாங்கும்.

தோடில்லாக் காலத்தில் காதுத்துளை தூராமலிருக்க வேப்பங்குச்சியோ விளக்குமாத்துக் குச்சியோ செருகிக்கொள்வது பழைய முறை. இப்போது கவரிங். சிக்கல் என்னவென்றால், கோவில்பட்டி செண்பகவல்லி அம்மனுக்குத் திருக்கல்யாணம் ஐப்பசியில். மனிதக் காதுகள் எல்லாம் காலியாக இருக்கும் மாதம் பார்த்து அம்மன் சர்வாபரணத்தோடு மணக்கோலம் கொள்கிறாள். "தோட்ட எங்க மதினி?" என்ற கேள்வி அங்கேதான் எழும். "பாலீசு போடக் குடுத்திருக்கு" என்பது மாறாத பதில். அத்தனை தோடும் அத்தனை தடவை பாலீசு கண்டிருந்தால் தாலுகாவில் குந்துமணித் தங்கம் மிஞ்சியிராது.

வலசைக்கு இடையூறுகளும் உண்டு. 2021-இல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுன் வரையிலான நகைக்கடனைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தது. ஒழுங்காகத் திருப்பியவர்கள் அந்த வருசம் தங்கள் ஒழுக்கத்தை எண்ணி வருந்தினார்கள். 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, நகை யாருடையது என்று உறுதிசெய்யும் ஏற்பாட்டுடன் வரைவு விதிகளை வெளியிட, இங்கே பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அப்பத்தா காதிலிருந்து வந்த தோட்டுக்கு ரசீது கேட்டால் அப்பத்தாளைத்தான் எழுப்ப வேண்டும். ஜூனில் வந்த இறுதி விதிகளில் பிடி தளர்ந்தது. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்றும் ஆயிற்று.

ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பை இடையில் ஒளித்து வைப்பது ஆய்வாளர் மரபு; நாமும் அதையே செய்கிறோம். விவசாய நகைக்கடனுக்குச் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். பட்டா பெரும்பாலும் புருசன் பெயரில். ஆக, தோடு அவளுடையது, கடன் அவன் பெயரில், குறுஞ்செய்தி அவன் செல்போனில். தவணை தப்பி ஏலத்துக்குப் போனால் மட்டும் "ஓன் தோடு போச்சுடி" என்று உரிமை அவளிடம் முறைப்படி திரும்ப ஒப்படைக்கப்படுகிறது.

ஆண்களிடம் வலசை போகும் பொருள் ஏதும் உண்டா என்றும் தேடினோம். கிடைத்தது மாமனார் போட்ட மோதிரம் ஒன்றுதான். அது கல்யாணமான மறு வருசமே கிளம்பி, எங்கும் திரும்பி வந்ததாகத் தகவல் இல்லை. இதை வலசைக் கணக்கில் சேர்க்க முடியாது; அழிந்துபோன இனங்களின் பட்டியலுக்கு அனுப்பியிருக்கிறோம்.