ஃபிக்ஸ் தம்பி

தாடிக்கொம்பில் இந்தத் தம்பியைத் தெரியாதவர்கள் குறைவு. வீட்டு மாடியில் லேப்டாப்பைத் திறந்துவைத்துச் சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர். தேய்பிறை அஷ்டமிக்குச் சௌந்தரராஜப் பெருமாள் கோயில் பைரவரைக் கும்பிட்டுவிட்டு வந்தாரென்றால், செருப்பு விட்ட இடத்தில் தொடங்கி, வரிசையில் முன்னால் நின்றவருக்கு எவ்வளவு கடன், என்ன வட்டி என்பதுவரை டீக்கடையில் ஒப்பிப்பார். 'திண்டுக்கல் பஸ் ஏன் லேட்டு?' என்று வாய்தவறிக் கேட்டவர் கரூர் ரோடு முழுக்க அவரோடு போய்வந்தாக வேண்டும்.

அப்பேர்ப்பட்ட வாய், கோடில் செய்த மாற்றத்தைக் குறித்துவைக்கும் கமிட் மெசேஜ் என்றதும் மௌனவிரதம் பூண்டுவிடும். நாளெல்லாம் பத்துப் பதினைந்து ஃபைலைக் கலைத்துப் போட்டுவிட்டு, 'ஃபிக்ஸ்'. மறுநாள், 'ஃபிக்ஸ் அகெய்ன்'. வெள்ளிக்கிழமை 'ஃபைனல்', திங்கட்கிழமை 'ஃபைனல் 2'. களைத்த நாளில் வெறும் புள்ளி. மாற்றங்களை எல்லாம் பதிந்துவைக்கும் கிட், காலி மெசேஜைத்தான் வேண்டாம் என்னும், புள்ளியை வாங்கிக்கொள்ளும்.

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் வேலைக்காகக் கிட்டை எழுதினார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத லினக்ஸ் கூட்டத்தில், என்ன கோளாறு, ஏன் இந்த மாற்றம் என்று சொல்லாத பேட்ச் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். தலைப்பு 50 எழுத்துக்குள், ஒரு வரி இடைவெளி, பிறகு விளக்கம் என்று கிட் கையேடே வழிசொல்கிறது. தம்பியோ, "என்ன மாத்துனேன்னுதான் கோடுலயே தெரியுதே, அப்புறம் எதுக்கு எழுதணும்?" என்பார். 'என்ன' தெரியும், சரி. 'ஏன்'?

பணம் கட்டும் பகுதியில் வங்கியின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் 30 விநாடி என்றிருந்ததை ஒருநாள் 90 ஆக்கினார். ஒன்றாம் தேதி வங்கியிலிருந்து பதில் வரத் தாமதமாகும். அதற்குள் கைவிட்டால் வாடிக்கையாளர் மறுபடியும் கட்டிவிடுவார். அருமையான காரணம், அவர் மண்டைக்குள் பத்திரமாக இருந்தது. மெசேஜில் 'ஃபிக்ஸ்'.

ஆறு மாதம் கழித்து, புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "அண்ணா, இது ஏன் 90?"

தம்பி யோசித்தார். "எவனோ தெரியாமப் போட்டிருக்கான்மா. 30 ஆக்கிரு."

ஒன்றாம் தேதி பணம் இரட்டை இரட்டையாகப் போனது. வரலாற்றைத் தோண்டினார்கள். மேலே அந்தப் பெண். அதற்குக் கீழே, அந்த 'எவனோ'வின் இடத்தில், தம்பியின் பெயர்.

காரணம் எழுதாத கமிட்டை இனி மெர்ஜ் பண்ணமாட்டேன் என்று டீம் லீடு அக்கா கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த கமிட் புதன்கிழமை மத்தியானம் தாடிக்கொம்பில் கரன்ட் போன இடத்தில் தொடங்கியது. இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் வாங்கத் திண்டுக்கல் கிளம்பியது, பஸ்ஸில் பொண்ணு பார்க்கப் போய்க்கொண்டிருந்த பழைய வகுப்புத்தோழனைச் சந்தித்தது, அவனுடைய ஜாதகத்திலுள்ள சிக்கல் எல்லாம் முடிந்து, ஆறாவது பத்தியில் ஒருவழியாக 90 வந்தது.

லீடு அக்கா முழுவதையும் படித்து மெர்ஜ் பண்ணினார். கீழே ஒரு கேள்வியும் போட்டிருந்தார்: "பொண்ணு வீட்டுல சம்மதிச்சாங்களா?"