திட்டம் எழுதப் போறியாம், மோனை

என்ன மோனை, வட மாகாணச் சுகாதாரத்துக்கு ஐந்தாண்டுத் திட்டம் எழுதப் போறியாம். எழுது, எழுது. பேனை உன்ரை, கடதாசி அரசாங்கத்தின்ரை, எனக்கென்ன நட்டம்? ஹோட்டலிலை செயலமர்வாம். ஏசியாம், ரோல்ஸாம், சுவரிலை படம் விழுத்துறதாம். ஆர் ஆர் வருகினம் எண்டு கேட்டன். பெரிய பெரிய பட்டங்களாச் சொன்னாய். ஸ்கூட்டியிலை வீடு வீடாத் திரியிற மருத்துவமாதுப் பிள்ளையைக் கூப்பிடேல்லையோ எண்டன். முழுசினாய்.

அந்தப் பிள்ளைக்குத் தெரியாத படலை இருக்கே? எந்தக் குழந்தைக்கு நிறை ஏறேல்லை, எந்தக் கிணத்தடியிலை மலக்குழி வெட்டியிருக்கு, எந்த மனிசன் மனிசியைக் கிளினிக்குக்கு விடுறானில்லை, எல்லாம் அவவுக்கு மனப்பாடம். 1926 இலை களுத்துறையிலை நாட்டின்ரை முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கின நாள் தொட்டு வேலை நடந்தது படலைக்குப் படலை போய்த்தான். உங்கடை ஆக்கள் அதே விசயத்தை அறிய ஒரு ஆய்வு வைப்பினம். பேந்து அந்த ஆய்வைப் பற்றி இன்னொரு ஆய்வு.

மலேரியாக் கதை தெரியுமோ உனக்கு? 1934, 35 இலை அது வந்து எண்பதாயிரம் சனத்தளவிலை கொண்டு போச்சுது. பேந்து டிடிடி வந்துது. வீட்டுச் சுவரெல்லாம் வெள்ளையா அடிச்சினம், கிழவியள் ஏசிச்சினம். 1963 இலை முழு நாட்டுக்குமே 17 பேருக்குத்தான் மலேரியா. பதினேழு! உடனை மேலிடத்துக்குப் புத்தி வந்திட்டுது: இனி எதுக்கு இந்தச் செலவு? மருந்தடியை நிப்பாட்டு, காய்ச்சல்காரனைத் தேடித் திரியிறதையும் குறை. நுளம்பு உந்தச் சுற்றறிக்கையை வாசிச்சதோ? 1969 இலை ஐஞ்சு லட்சத்துக்கு மேலை. பழையபடி முதலிலை இருந்து அலைஞ்சு, 2012 இலைதான் உள்ளூரிலை தொத்தின கடைசி ஆளைக் கண்டது. 2016 இலை உலக சுகாதார நிறுவனம் பத்திரம் குடுத்துது. சட்டம் போட்டுக் கொழுவியாச்சோ? அந்த வருசக் கடைசியிலையே மன்னாரிலை ஒரு புது நுளம்பைக் கண்டு பிடிச்சினம். உவர் கிணத்திலையும் சீமெந்துத் தொட்டியிலையும் குடும்பம் நடத்துற சாதி. அதுக்கு என்ன செய்தவை தெரியுமோ? கிணத்துக்குள்ளை மீன் விட்டவை. ஹோட்டலிலை இருந்து யோசிச்சிருந்தால் கிணத்துக்கு ஒரு கொள்கை ஆவணம் விட்டிருப்பியள்.

பேந்து உந்த அதிகாரப் பங்கீடு. 1987 இலை பதின்மூண்டாம் திருத்தம் வந்து சுகாதாரத்திலை ஒரு துண்டை மாகாணத்துக்குக் குடுத்துது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி கொழும்பின்ரை, ஊர் ஆஸ்பத்திரியள் மாகாணத்தின்ரை. வடக்குக்கு 2013 இலை ஒருக்கால் தேர்தல் வைச்சினம். 2018 இலை சபை முடிஞ்சுது, அதுக்குப் பேந்து ஆளுநர் ஆட்சிதான். நெஞ்சுக்குத்து வந்தவன், இது ஆற்றை அதிகாரம் எண்டு அரசியலமைப்பைப் புரட்டிப் பார்த்தே ஆட்டோ பிடிக்கிறது?

அவன் நேரை பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓடுவான். பக்கத்து ஆஸ்பத்திரியிலை இரத்தம் சோதிக்க ஆளில்லை, பின்னேரம் டொக்டர் இல்லை எண்டால் பேந்தென்ன செய்யிறது? அங்கை போனால் விடியவே நம்பர் துண்டுக்கு வரிசை. நீங்கள் என்ன செய்வியள்? ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒரு புதுக் கட்டடம் கட்டி நாடா வெட்டுவியள். முகடு ஒழுக, திண்ணைக்குப் பெயின்ற் அடிக்கிற மாதிரி.

சலரோகம், பிரஷர் வாறதை முன்கூட்டிக் கண்டுபிடிக்க 2011 தொட்டு நிலையங்கள் திறந்திருக்கினம். நல்ல யோசினை, பகிடி இல்லை. ஆனால் வாறதெல்லாம் பொம்பிளையள், ஆம்பிளையளைக் காணேல்லையாம். ஏனெண்டு ஆராயினமாம்! கிழமை நாளிலை காலமை திறந்தால் மேசன் வருவானோ? மீன்பிடிக்கிறவன் வருவானோ? கூலிநாளை விட்டிட்டு வந்து சீனி பாக்க, அவனென்ன பென்சன்காரனே? ஞாயிற்றுக்கிழமை சந்தையடியிலை ஒரு மேசையைப் போட்டுப் பாரன். இதுக்கு ஆலோசகர் வேண்டாம், மேசை வேணும்.

சரிசரி, நல்லதையும் சொல்லத்தான் வேணும். 2018 இலை 1990 எண்ட ரெலிபோன் நம்பருக்கு வாற அம்புலன்ஸ் வடக்குக்கு வந்துது. அடிச்சால் வருகுது, காசும் கேக்கிறேல்லை. ஆனால் கடலிலை ஓடாது, மோனை. நெடுந்தீவிலை ஒரு பிள்ளைத்தாச்சிக்கு இரவிலை குத்தெடுத்து, அங்கத்தை ஆஸ்பத்திரியாலை ஏலாதெண்டால், குறிகட்டுவானுக்குப் படகு பாக்கவேணும். பகலிலையே ஒரு மணித்தியாலக் கடல். நேவிக்காரனைக் கெஞ்சவேணும், காத்தையும் கெஞ்சவேணும்.

எண்டபடியாலை உன்ரை செயலமர்வை நெடுந்தீவிலை வை. பட்டக்காரர் எல்லாரையும் ஏத்து, ரோல்ஸையும் ஏத்து. மருத்துவமாதுப் பிள்ளையை முன் கதிரையிலை இருத்து. சோளகம் அடிக்கிற மாசமாப் பாத்துத் திகதியைக் குறி.