சாக மறுத்த பெரியப்பா

2012-ல் என்னிடம் ஒரு காதல் கதையும் 3,400 ரூபாயும் இருந்தன. ‘நாளைய இயக்குனர்’ நிகழ்ச்சிக்குக் குறும்படம் எடுத்த பாலாஜி மோகனும் கார்த்திக் சுப்புராஜும் பெரிய திரைக்குப் போன வருஷம் அது. மதுரையில் எங்கள் தெருவில் மட்டும் என்னையும் சேர்த்து மூன்று இயக்குநர்கள்.

காசில்லாதவன் ஒளிப்பதிவாளரைத் தேடக் கூடாது. கேமரா வைத்திருப்பவரைத் தேட வேண்டும். கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் அண்ணன் ஒருவரிடம் கேனான் 5டி இருந்தது. இரண்டு நிபந்தனை போட்டார். முகூர்த்த நாளில் கூப்பிடக் கூடாது; அவர் மச்சினன்தான் ஹீரோ. முதல் நிபந்தனையால் எங்கள் கால்ஷீட்டைப் பஞ்சாங்கம் தீர்மானித்தது: ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகள். இரண்டாவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பையன் பார்க்க லட்சணமாக இருந்தான், முக்கியமாகத் தலைமுடி.

உதவி இயக்குநர்களுக்குப் பஞ்சமே இல்லை. முதல் நாளே நாலு பேர் வந்து, நாலு பேரும் தங்களை ‘அசோசியேட்’ என்று அறிமுகம் செய்துகொண்டார்கள். தெர்மாகோல் பிடிக்கத்தான் ஆளில்லை. மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷம். விளக்கை நம்பிப் பிரயோஜனமில்லை. சூரியனும் ஒரு தெர்மாகோல் அட்டையும்தான் எங்கள் லைட்டிங் யூனிட். அதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வெயிலில் நிற்பவன் அசோசியேட்டாக இருந்தாலென்ன, யாராக இருந்தாலென்ன? ஆனால் சினிமாவில் சேர வந்தவன் எவனும் அட்டை பிடிக்க வருவதில்லை. சவுண்டுக்கு என்று இன்றுவரை யாரும் என்னிடம் வந்ததில்லை.

கதாநாயகிக்காக மூன்று வாரம் அலைந்தேன். போன இடமெல்லாம் கதை கேட்டார்கள். பெண்கள் அல்ல, அவர்களுடைய அப்பாக்கள். “முடிவுல கல்யாணம் ஆகுதா?” என்பது ஒருவரின் ஒரே கேள்வி. கடைசியில் ஒரு பெண் சம்மதித்தாள். துணைக்குத் தம்பி வருவான் என்றாள். ஞாயிற்றுக்கிழமை தம்பி மட்டும் வந்தான், பிரியாணி சாப்பிட்டான், கிளாப் அடித்தான், படம் முடியும்வரை வந்துகொண்டே இருந்தான். கதாநாயகியைப் போனில் பேசும் குரலாக மாற்றினேன். குரல் கொடுக்கவும் ஆள் கிடைக்காமல் போக, ‘நீங்கள் தொடர்புகொள்ளும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது’ என்று சொல்வாரே ஓர் அம்மா, அவரையே ஒப்பந்தம் செய்தேன். எத்தனை டேக் கேட்டாலும் சலிக்காத குரல்.

மூன்றாவது ஞாயிறு ஹீரோ மொட்டையோடு வந்து நின்றான். ஆடிக் கிருத்திகைக்குப் பழனி. சின்ன வயதில் அம்மா வேண்டிக்கொண்டதாம். “ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா மாப்ள?” என்றேன். “முருகன்கிட்ட கன்டினியூட்டி பேச முடியுமாண்ணே?” என்றான்.

‘பதேர் பாஞ்சாலி’க்காக சத்யஜித் ரே 1952 அக்டோபரில் நாணல் பூத்த வெளியில் ஒருநாள் படமெடுத்தார். அடுத்த வாரம் போனால் பூவையெல்லாம் மாடு மேய்ந்திருந்தது. மறுபடி பூக்கட்டும் என்று அடுத்த பருவம்வரை காத்திருந்தார். அவருக்கு மாடு, எனக்கு முருகன். ஆனால் ரே காத்திருக்கலாம், என்னால் முடியாது. ஆவணி பிறந்தால் கேமரா கல்யாண மண்டபத்துக்குப் போய்விடும். முடி வளராது என்றால் கதைதான் வளைய வேண்டும். காதலியின் போன் அணைந்திருக்கிறது, பையன் மொட்டை. சரி, அவன் அப்பா செத்துவிட்டார் என்று வைத்துக்கொண்டேன். எல்லாம் பொருந்தியது.

அப்பா வேடம் பெரியப்பாவுக்கு. ஒரே ஒரு ஷாட், பாயில் படுத்திருந்தால் போதும். “சாகுறதா? சனிப்பெயர்ச்சி வேற ஆகியிருக்குடா தம்பி” என்றார். அதே ‘பதேர் பாஞ்சாலி’யில் நடித்த சுனிபாலா தேவி என்ற பாட்டியின் கதையைச் சொன்னேன். எண்பது வயதை ஒட்டியவர். பாடையில் பிணமாகப் படுத்தவர் ஷாட் முடிந்தும் அசையாமல் கிடக்க, எல்லோரும் பதறிவிட்டார்கள். ஷாட் முடிந்ததை யாரும் சொல்லவில்லையே என்று சாவகாசமாகக் கேட்டாராம். அப்பேர்ப்பட்ட நடிகை என்று முடித்தேன். பெரியப்பா யோசித்துவிட்டு, “அதுக்கப்புறம் அந்தம்மா எத்தனை வருஷம் இருந்துச்சு?” என்றார். படம் வெளிவரும் முன்பே அவர் காலமாகிவிட்டது எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன். புரிந்துகொண்டார்.

சரி, போட்டோவுக்காவது மாலை போடலாம் என்றால் பெரியம்மா விளக்குமாற்றைத் தேடினார்.

கடைசியில் கூடத்தில் பல வருஷமாக மாலையோடு தொங்கிக்கொண்டிருந்த தாத்தாவே அப்பாவாக நடித்தார். மேக்கப் வேண்டாம், பேட்டா வேண்டாம், பிரியாணி வேண்டாம். எத்தனை மணிக்குப் போனாலும் அங்கேயே இருந்தார்.

மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி கட்டிப் படத்தைப் போட்டோம். ஓடியது ஏழு நிமிஷம். காதல் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தாத்தா வந்த இடத்தில் மட்டும் பெரியம்மா மூக்கைச் சிந்தினார். அப்பா, “எங்கய்யா நல்லாப் பண்ணியிருக்காருடா” என்றார்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு பெரியப்பா வேட்டியை மடித்துக் கொடுத்தபடி பக்கத்தில் வந்தார்.

“அடுத்த படத்துல வேணா சாகுறேன் தம்பி. ஆனா கடைசி சீன்ல வச்சுக்க. அதுக்கு முன்னாடி கொஞ்சம் வசனம் இருக்கட்டும்.”