முதலில் ஹெட், அப்புறம் டாப்பட்

கே: எங்கள் 1489 சிசி அம்பாசடர் எஞ்சினைப் பிரித்துக் கட்டி, ரன்னிங்-இன்னும் முடிந்துவிட்டது. சத்தமில்லாமல் ஓடுகிறது. மெக்கானிக் ஏன் மறுபடி ஷெட்டுக்கு வரச் சொல்கிறார்? பணம் பறிக்கவா?
(வாசகர், கும்பகோணம்)

ப: நல்ல மனிதர், விட்டுவிடாதீர்கள். புது ஹெட் கேஸ்கெட் சூடாகிச் சூடாகி ஆறும்போது கொஞ்சம் அமுங்கும். ஹெட் நட்டுகளின் பிடி தளரும். மறு இறுக்கம் வேண்டாத கேஸ்கெட் என்று பெட்டியிலேயே போட்டிருந்தால் சரி. இல்லாவிட்டால் டார்க் ரென்ச்சால், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். 'என் கைக்கே அளவு தெரியும் சார்' என்கிற கை அன்று மட்டும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

டாப்பட்டை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். இந்த எஞ்சினில் ராக்கர் ஷாஃப்டைப் பிடித்திருப்பதும் ஹெட் ஸ்டட்டுகளில் சிலதான். ஹெட் இறங்கினால் ராக்கரும் இறங்கும், டாப்பட் இடைவெளி குறையும். இடைவெளியே இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு கருகும். இடைவெளி வைக்கிற முறை சுலபம். மொத்தம் 8 வால்வு. கூட்டினால் 9 வரவேண்டும்: எட்டாவது முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை வையுங்கள், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதை. இந்த பிஎம்சி எஞ்சினைக் கட்டிய வெள்ளைக்காரன் நமக்கு விட்டுப்போன ஒரே எளிய கணக்கு.

கே: எஞ்சின் கட்டி ரன்னிங்-இன் முடிந்து வடித்த ஆயிலில் வெள்ளிப் பொடி மினுக்குகிறது. தூக்கம் போச்சு!
(வாசகர், பொள்ளாச்சி)

ப: மெல்லிய சாம்பல் பொடி என்றால் தூங்குங்கள். புது ரிங்கும் போரும் தேய்ந்து பழகிய கழிவு அது. காந்தத்தில் ஒட்டாத செம்பு நிறச் சீவல் தென்பட்டால் பேரிங் போகிறது. வண்டியை எடுக்காதீர்கள், சாவியை மகனிடமிருந்தும் ஒளித்து வையுங்கள். ஃபில்டரையும் மாற்றினீர்கள்தானே? ஆயிலை மட்டும் மாற்றுவது குளித்துவிட்டு அழுக்கு வேட்டியைக் கட்டுவது.

கே: எஞ்சின் கட்டி ஓட்டுகிறேன், கொஞ்ச நாளாக பிக்-அப் குறைகிறது. கார்பரேட்டரைக் கழற்றட்டுமா?
(வாசகர், தேனி)

ப: எல்லோரும் முதலில் அதைத்தான் கழற்றுகிறார்கள், பாவம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்ட்டைப் பாருங்கள். புது பாயிண்ட்டின் ஹீல் தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் பின்தங்கும்.

கே: நீலப் புகை வருகிறது. ரிங் போச்சா?
(வாசகர், வேலூர்)

ப: எப்போது வருகிறது? இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் என்றால் வால்வு கைடைச் சந்தேகியுங்கள். ஏற்றத்தில் இழுக்கும்போதெல்லாம் என்றால் ரிங். கம்ப்ரஷன் பாருங்கள், குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

கே: எஞ்சின் கட்டி வந்ததும் நான்கு டயருக்கும் எலுமிச்சை வைத்து ஏற்றிவிட்டேன். இனி கவலையில்லையே?
(வாசகர், காரைக்குடி)

ப: டயருக்கு இல்லை. புது ஃபேன் பெல்ட் ஓட ஓட நீளும், ஹோஸ் கிளிப் தளரும். அவற்றுக்கு ஸ்பானரும் திருப்புளியும்தான் பரிகாரம்.