பாதர் ஏன் மணிக்கூட்டைப் பாத்தவர்?

அன்புள்ள அம்மாவுக்கு,

சின்னம்மா அனுப்பின குரல் செய்தியைக் கேட்டன். கலியாணத்தை ஃபோனில பாத்த சனமெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேக்குதாம்: மாப்பிள்ளையும் பொம்பிளையும் முன்னால இருக்க, பாதர் ஏன் அவ்வளவு நேரம் பிரசங்கம் வைச்சவர், இடைக்கிடை ஏன் கை மணிக்கூட்டைப் பாத்தவர்? பொம்பிளை கடைசி நேரத்தில மறுத்திட்டா, பாதர் சமாளிச்சவர் எண்டு ஒரு கதையும் சந்தியில உலாவுதாம். அப்படி ஒண்டுமில்ல. டெக்சாஸ் அரசாங்கம் சொன்ன ஒரு நிமிசத்துக்காகத்தான் பாதர் காத்துக்கொண்டிருந்தவர். இதை ஃபோனில சொன்னா அப்பா பாதியில "சரி, சாப்பிட்டியா" எண்டு கேட்டு வைச்சிடுவார். அதான் எழுதுறன்.

இஞ்ச கலியாணம் கட்ட முதல்ல லைசென்ஸ் எடுக்கவேணும். கோயில்ல கட்டினாலும் சரி, குளக்கரையில கட்டினாலும் சரி, அந்தக் கடதாசி கையில இல்லாமப் பாதர் வாய் திறக்கமாட்டார். அதைக் குடுக்கிற கந்தோர் எங்க இருக்கு எண்டா, கோட்டுக்குள்ள. கோடு கச்சேரி ஏறாத பரம்பரை எண்டு அப்பா சொல்லிக்கொண்டு திரிவாரே, அந்தப் பரம்பரையின் மூத்த பிள்ளை உள்சட்டை நனைய நனையக் கோட்டுப் படி ஏறினான். டெக்சாஸில 254 கவுண்டி இருக்கு. எந்தக் கவுண்டியில எடுத்தாலும் மாநிலம் முழுக்கச் செல்லும். ஹூஸ்டனில கார் விட இடம் தேடியே ஆளுக்கு நரைச்சிடும், தள்ளி இருக்கிற ஒரு சின்ன ஊருக்குப் போவம் எண்டது ஸ்காபரோ மாமாட யோசனை. மாமா சாட்சிக் கையெழுத்து வைக்கிறதுக்கெண்டே கனடாவில இருந்து வந்தவர். அதுக்கெண்டு ஒரு பேனையும் வாங்கி, பெட்டியோட சட்டைப் பையில வைச்சுக்கொண்டு திரிஞ்சவர்.

கட்டடத்தைப் பாத்தீங்க எண்டா அசந்து போவீங்க. சிவப்புக் கல்லு, மேல மணிக்கூட்டுக் கோபுரம், உள்ளுக்குக் குளிர், இருக்கக் கதிரை, குடிக்கத் தண்ணி. ஒருத்தரும் "நாளைக்கு வாங்க" எண்டு சொல்லமாட்டாங்க எண்டு உங்கட மருமகளுக்குப் பெருமையாச் சொல்லிக்கொண்டு போனன். செவ்வாய்க்கிழமை போய் நிண்டா, கொம்பியூட்டர் படுத்திட்டு, நாளைக்கு வாங்க எண்டாங்க. மாமா என்னைப் பாத்துச் சிரிச்சவர். அந்த ஒரு நாள்தான் பிறகு பாதர்ட தலையில விழுந்தது.

புதன்கிழமை எங்களுக்கு முன்னால ஒரு வயசான மனிசன், பெரிய தொப்பி, சப்பாத்தில காஞ்ச சேறு. அவரும் அதே யன்னலுக்குத்தான் வந்தவர். கலியாணத்துக்கு இல்ல, மாட்டுக்குறி பதிய! இஞ்ச மாட்டுக்குச் சுடுகிற குறியையும் அந்தக் கந்தோர்லதான் பதியவேணுமாம். எந்த வடிவம், மாட்டின்ட எந்தப் பக்கம், எந்த இடம் எண்டு எல்லாம் எழுதிக் குடுக்கவேணும். அதைப் பத்து வருசத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்கவும் வேணும். எனக்கு அம்மப்பாதான் நினைவுக்கு வந்தார். படுவான்கரைப் பட்டியில நிண்டுகொண்டு, குறியைப் பாத்தே இது ஆர்ட மாடு, என்ன குடி எண்டு தூரத்தில இருந்து சொல்லுவாரே. இந்த மனிசனும் அவரும் ஒரு மரத்துக்குக் கீழ இருந்திருந்தா, பாசை இல்லாமலே பொழுது போக்கியிருப்பாங்க. "எங்கட கடதாசியைப் புதுப்பிக்கத் தேவையில்லையாம்" எண்டு மாமா பெருமூச்சு விட்டவர். மாமி பக்கத்தில இல்லாத துணிவு.

மறுகா எங்கட முறை வந்திச்சு. படிவத்தில வரிசையா வசனம் இருக்கு, ஒவ்வொண்டுக்கும் உண்மை, பொய் எண்டு அடையாளம் போடவேணும். நான் இப்ப வேற ஒராளைக் கட்டியிருக்கல்ல: உண்மை. போன முப்பது நாளைக்குள்ள விவாகரத்து எடுக்கல்ல: உண்மை. பிள்ளைச் செலவுக்குக் கோடு போட்ட காசில பாக்கி இல்ல: உண்மை. இதில மாமா ஒருக்கா என்னை ஏற இறங்கப் பாத்தவர். அடுத்ததுதான் வில்லங்கம். மற்ற ஆள் எனக்குத் தாய் தகப்பன் இல்ல, கூடப்பிறப்பு இல்ல, தாய் தகப்பன்ட கூடப்பிறப்பின் பிள்ளையும் இல்ல எண்டு சத்தியம் பண்ணவேணும். அதாவது, சொந்த மச்சாளைக் கட்டினா இஞ்ச சட்டவிரோதம். முந்தி அப்படி இல்லையாம். கனக்கப் பொஞ்சாதி கட்டுற ஒரு மதக் கூட்டம் எல்டொராடோ எண்ட ஊரில வந்து குடியேற, அவங்களை மடக்கிறதுக்கு 2005 இல ஒரு சட்டம் கொண்டு வந்தாங்களாம். அந்த வலையில மச்சாளும் சேந்து அம்பிட்டிட்டா.

எங்களுக்கு அதில ஒரு பிரச்சினையும் இல்ல. அப்பம்மாவும் இவட அம்மம்மாவும்தானே அக்கா தங்கச்சி. நான் பேசாம "உண்மை" எண்டு போட்டிருப்பன். ஆனா மாமா வந்தது சாட்சி சொல்ல! பேனைப் பெட்டியைத் திறந்துகொண்டு, அந்தக் கந்தோர் முழுக்கக் கேக்க, இங்கிலீசில சொன்னார்: "இவட அம்மா இவன்ட அப்பாட தங்கச்சி. உரிமையுள்ள மச்சாள். பரம்பரையாக் குடுத்து எடுத்த குடும்பம்!"

கிளார்க் மனிசிட கை அப்படியே நிண்டிட்டு.

அந்த மனிசி கெட்ட ஆள் இல்ல. குரலைத் தணிச்சு, "தம்பி, இது உண்மையா?" எண்டு கேட்டா. தங்கச்சிதான், ஆனா அப்படித் தங்கச்சி இல்ல எண்டு நான் சொன்னன். அது எனக்கே களவாத்தான் கேட்டுது. மாமா விடல்ல, இன்னும் விளக்கப்படுத்தினார். மாமா விளக்கப்படுத்த விளக்கப்படுத்த எங்களுக்குள்ள சொந்தம் கிட்டக் கிட்ட வந்திச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா இவ எனக்குக் கூடப்பிறந்தவளாகியிருப்பா. கடைசியா இவதான் ஒரு வெறும் கடதாசியை வாங்கி, மேல ரெண்டு கிழவி, கீழ ரெண்டு கோடு, அதுக்குக் கீழ எங்கட பேர் எண்டு கீறிக் காட்டினா. கிளார்க் மனிசி தலையைச் சரிச்சுச் சரிச்சுப் பாக்கிறா, பிடிபடல்ல. குறி பதிய வந்த மனிசன் இன்னும் போகாம நிண்டவர். எட்டி ஒருக்காப் பாத்தார். "அம்மணி, இது ரெண்டாம் தலைமுறை. ஒண்டும் பழுதில்ல" எண்டார். மாட்டு வம்சம் பாத்துப் பழகின கண். அவர் சொன்ன பிறகு அந்த மனிசி சட்டப் புத்தகத்தைப் பாத்த மாதிரித் தலையாட்டிட்டா. வலது கையைத் தூக்கச் சொன்னா. தூக்கினம். மாமாவும் தூக்கினவர், இறக்கச் சொன்னாங்க.

கையெழுத்து வைக்கிற நேரம் மாமா பேனையோட முன்னுக்கு வந்தார். "சாட்சிக் கையெழுத்து எங்க?" எண்டு கேட்டார். சாட்சி தேவையில்லையாம். கலியாணத்துக்கும் தேவையில்லையாம். டெக்சாஸ் சட்டத்தில சாட்சிக்கு இடமே இல்ல. மாமாட முகத்தை நீங்க பாத்திருக்கவேணும். எயிட்ஸ் பற்றின தகவல் இணையத்தில எங்க இருக்கு எண்டு எழுதின துண்டுப் பிரசுரம் ஆளுக்கு ஒண்டு எங்களுக்குத் தந்தாங்க, அதுவும் சட்டமாம். ஒரு கையெழுத்தும் கிடைக்காத மாமா என்ட பிரசுரத்தை வாங்கி, நாலா மடிச்சு, பேனையிருந்த பைக்குள்ளயே வைச்சவர்.

இனித்தான் பாதர்ட கதை. லைசென்ஸில நாள் மட்டும் இல்ல, தந்த நேரத்தையும் குறிச்சிருந்தாங்க: காலை 10.52. "இதிலிருந்து 72 மணித்தியாலத்துக்குக் கலியாணம் நடக்கக்கூடாது, 90 நாளைக்குப் பிறகும் நடக்கக்கூடாது" எண்டு அந்த மனிசி சொன்னா. புதன் 10.52 எண்டா, சனி 10.52. எங்களுக்குக் கோயில்ல சனி பத்து மணி. மண்டபம், சாப்பாடு, படமெடுக்கிற பொடியன், எல்லாம் பத்து மணிக் கணக்கு.

"ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போடேலாதா?" எண்டு மாமா கேட்டார். அந்த மனிசி பார்த்த பார்வையில நான் மாமாவைப் பின்னுக்கு இழுத்திட்டன். விலக்குக் கேக்கலாமாம், நீதிபதிட்ட. நீதிபதி லீவு. எட்டு மணித்தியாலம் கலியாண வகுப்புப் படிச்ச சான்றிதழ் இருந்தா காத்திருக்கத் தேவையில்லையாம், கட்டணத்திலயும் அறுபது டொலர் குறைப்பாங்களாம். எங்கட காசில பதினெட்டாயிரம், அம்மா! வகுப்புக்கு நாங்க போனதுதான், இவ இருந்த நியூ ஜேர்சியில. அந்தச் சான்றிதழ் இஞ்ச செல்லாதாம். சண்டை பிடிக்காம இருக்கிறது எப்படி எண்டுதான் அந்த வகுப்பில முக்கியமாப் படிப்பிக்கிறது. அது செல்லாது எண்டதுக்கு நானும் இவவும் காருக்குள்ள சண்டை பிடிச்சம். பட்டாளத்தில இருக்கிற ஆக்களும் காத்திருக்கத் தேவையில்ல எண்டு கிளார்க் மனிசி சொன்னா. பட்டாளத்தைக் கண்டு ஓடி ஓடி வளந்த எனக்கு அந்த வழி சரிவராது எண்டு மாமா தமிழில சொன்னவர். நாங்க மூண்டு பேரும் சிரிச்சம், அந்த மனிசிக்கு ஏனெண்டு தெரியாது.

மறுகா பாதர்ட்டப் போனம். மெக்சிக்கோப் பக்கத்து ஆள், நிதானமான மனிசன். லைசென்ஸைக் கண்ணாடி போட்டு வாசிச்சார். "பத்து மணிக்குத் தொடங்குவம். வாக்குறுதிதான் கலியாணம். அது வரைக்கும் நடக்கிறது செபம். செபத்துக்கு லைசென்ஸ் வேணாம்" எண்டார். ஆனா ஆர்ட மணிக்கூட்டில 10.52? கோயில் சுவர் மணிக்கூடு நாலு நிமிசம் முன்னுக்கு. கோட்டுக் கோபுரத்து மணிக்கூடு எப்பவோ நிண்டிட்டு. கடைசியாப் பாதர் தன்ட கை மணிக்கூட்டை ஃபோனோட சரிபாத்து, அதைத்தான் தேவாலயத்தின் நேரம் எண்டு அறிவிச்சார். பாதுகாப்புக்கு ஒரு நிமிசம் கூட்டுவம் எண்டும் சொன்னார்.

நற்செய்தி கானாவூர்க் கலியாணம், நீங்க கேட்டீங்கதானே. இருபது நிமிசத்தில வாசகமெல்லாம் முடிஞ்சிட்டு. அரை மணித்தியாலத்துக்கு மேல பாதர் ஓட்டவேணும். அந்த ஊரில ஆறு கற்சாடி இருந்திச்சு எண்டுதானே வேதத்தில இருக்கு. பாதர் ஒவ்வொரு சாடியா எடுத்தார். முதல் சாடி பொறுமை. ரெண்டாம் சாடி மன்னிப்பு. மூண்டாம் சாடியில மாமியார் வந்தா. நாலாம் சாடி முடியேக்க மணி 10.44. அஞ்சாம் சாடியில பாதர்ட சொந்த ஊர், தகப்பன்ட சோளத் தோட்டம், ஒரு கழுதை. அந்தக் கழுதை எப்படிக் கானாவூருக்கு வந்தது எண்டு எனக்கு இப்பவும் விளங்கல்ல. ஆறாம் சாடி தொடங்கினதும் மணிக்கூட்டைப் பாத்தார், கையை இறக்கினார், "அன்பு" எண்டார், முடிச்சிட்டார். உங்களுக்கு ராத்திரி ஒன்பது இருபத்திமூண்டு. அதைத்தான் சின்னம்மா கண்டிருக்கா.

இதில மிச்சம் ஆருக்குச் சந்தோசம் எண்டா, எங்கட சனத்துக்கு. பத்து மணி எண்டு கார்டில போட்டா பத்தே முக்காலுக்குத்தானே வெளிக்கிடுவாங்க. ஹூஸ்டனிலயும் அதே கணக்குத்தான். எல்லாரும் சுணங்கி வந்து, மோதிரம் மாத்தினதில இருந்து தாலி வரைக்கும் ஒண்டும் விடாமப் பாத்திட்டு, "நல்ல நேரத்துக்கு வந்திட்டம்" எண்டு போயிருக்காங்க. கோயில் புத்தகத்துக்கு ரெண்டு சாட்சி வேணும் எண்டு பாதர் கூப்பிட, மாமா எழும்பின வேகத்தில கதிரை விழுந்தது. பேனையை எடுக்கிறன் எண்டு முதல்ல எயிட்ஸ் பிரசுரத்தை எடுத்து விரிச்சார். உங்கட ஃபோனில அது தெரியல்ல எண்டு நினைக்கிறன். தெரிஞ்சிருந்தா மாமிக்குச் சொல்லாதீங்க.

கந்தோர்ல ஒண்டு யோசிச்சனான், அம்மா. ஊரில எண்டா மூண்டு ஞாயிறு எங்கட பேரைக் கோயில்ல வாசிச்சிருப்பாங்க. தடை தெரிஞ்ச ஆள் சொல்லலாம் எண்டு கேட்டிருப்பாங்க. அப்பம்மாட வழி தெரிஞ்ச கிழவி ஒராள் எழும்பி, இவங்களுக்கு என்ன முறை எண்டு ஒரு மூச்சில சொல்லியிருப்பா, கடதாசியும் தேவையில்ல, கோடும் தேவையில்ல. இஞ்ச நான் கையைத் தூக்கிச் சொன்னதுதான் சாட்சி. என்னைத் தெரிஞ்ச ஒருத்தரும் அந்த ஊரில இல்ல, தெரிஞ்ச ஒருத்தரை அவங்க கேக்கவும் இல்ல. அப்படி நம்பிறது பெரிய மனசுதான், இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா அவ்வளவு பெரிய படிவத்தில, தாய் தகப்பன் வந்திருக்காங்களா எண்டு கேக்க ஒரு வரி இல்ல. கேட்டிருந்தா, விசா குடுக்கல்ல எண்டு அதிலயாவது எழுதியிருப்பன். ரெண்டு தரம் காசு கட்டி, அப்பா சப்பாத்து வாங்கி, கொழும்புக்கு ராத்திரி பஸ்ஸில போய், ஒரு அஞ்சு நிமிசத்தில திருப்பி அனுப்பினதை எந்தப் பெட்டியில அடையாளம் போடுறது? உண்மையா, பொய்யா?

சரி, அதை விடுங்க. ஒரு வேலை இருக்கு. பாதர் முப்பது நாளைக்குள்ள லைசென்ஸைக் கையெழுத்து வைச்சுக் கந்தோருக்குத் திருப்பி அனுப்பவேணும். அது அரசாங்கத்துக்கு. மறுகா, ஞானஸ்நானம் எடுத்த கோயிலுக்கும் ஒரு அறிவித்தல் அனுப்புவார். அது எங்கட வளனார் கோயிலுக்கு வரும். அங்கத்தைப் பாதர் பழைய புத்தகத்தை எடுத்து, என்ட ஞானஸ்நானம் எழுதின வரிக்குப் பக்கத்தில கலியாணத்தையும் குறிப்பார். கடிதம் வந்திட்டா எண்டு ஞாயிறு பூசை முடிய ஒருக்காக் கேளுங்க. எழுதேக்க நீங்களும் அப்பாவும் பக்கத்தில நிண்டு பாருங்க. இஞ்ச அப்பாட பேரை எனக்கு முன்னுக்கும் பின்னுக்குமா மாத்தி மாத்திப் போட்டிருக்காங்க. அங்கயாவது பேர் சரியா விழவேணும்.

இப்படிக்கு,
உங்கட மூத்த மகன்